வலது காலுக்கு ஒரு எலாஸ்டிக்

அக்கா,

இன்றைக்குத் துணி துவைக்க உட்கார்ந்தேன். சுடிதார் பேன்ட்டில், வலது கால் ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை. சோப்பு போட்டேன், பிரஷ் போட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. சைக்கிள் சங்கிலிக் கறை. உன் பேன்ட்டிலெல்லாம் இதே இடத்தில்தான் இருக்கும். "என்னக்கா, வலது காலுக்கு மட்டும் மை வெச்சா இடது கால் கோவிச்சுக்காதா?" என்று கேட்டு நம் தையல் லைனையே சிரிக்க வைத்தவள் நான். நுரைக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், உன் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே.

போனஸ் வந்த வாரம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாங்கள் எல்லோரும் மிக்சி, கம்மல் என்று பேசிக்கொண்டிருந்தோம். நீ நாற்பத்தெட்டு வயசில் சைக்கிளோடு வந்து நின்றாய். கீழே வளைந்த ஹேண்டில், தடித்த டயர். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த கிராவல் பைக் அதுதானாம். "தார் ரோட்லயும் போகும், மண்ணு, ஜல்லி எல்லாத்துலயும் போகும்டீ" என்றாய். "நம்ம பேகூர்ல தார் எங்கக்கா இருக்கு, எல்லாம் ஜல்லிதான். சரியாத்தான் வாங்கியிருக்க. ஆனா இது சைக்கிளா, ஆடா? கொம்பு இருக்கே" என்றேன். அன்றிலிருந்து அதற்கு ஆடு என்று பேர்.

பேகூரிலிருந்து பொம்மனஹள்ளி கம்பெனிக்குப் பஸ் ஊரும். ஜன்னலோரம் நான் நசுங்கிக்கொண்டு வருவேன். நீ பக்கத்தில் வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், மணியை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேட்டுக்குள் வரும்போது பேன்ட் சங்கிலியில் படாமலிருக்க வலது காலில் மாட்டிய எலாஸ்டிக்கை நீ கழற்றிக்கொண்டிருப்பாய். பேன்ட் இடுப்புக்கு வைத்துத் தைத்ததில் மிஞ்சிய துண்டு அது. என் மை கிண்டலுக்கு அப்புறம்தான் அதை மாட்ட ஆரம்பித்தாய். தையல் மெஷின் எண்ணெயையே சங்கிலிக்கும் விட்டாய். அதில் மண் ஒட்டி எல்லாம் கறுப்பாகி, சைக்கிள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அதுவும் மெஷின்தானே?" என்று அவரையே திருப்பிக் கேட்டாய்.

"ஞாயித்துக்கெழம காலைல ஏரிக்கரைக்கு வாடீ, மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்று எத்தனை தடவை கூப்பிட்டாய். "நான் ஏறினா டயர் என் மேல கேஸ் போடும்" என்பேன். ஒருநாள் டீ நேரத்தில் நீ சொன்னாய். "அந்த மண்ணுல போறப்ப சர்ருனு ஒரு சத்தம் வரும்டீ. அப்ப ஒருத்தனும் வந்து எத்தனை பீஸ் ஆச்சுன்னு கேக்க மாட்டான்." உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். பார்த்தும், "ஆடு கத்துது, அதான் சத்தம்" என்றேன்.

அப்புறம் அந்த ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் குங்குமம் வைத்து, கேட்டருகே வண்டிகளை நிறுத்திப் பூ போட்டோம். நீ சைக்கிளைத் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டு சாமந்தி வாங்கப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் நான் வேலையைக் காட்டிவிட்டேன். வேஸ்ட் துணியில் ரெண்டு காது தைத்துத் தொங்கவிட்டேன். கொம்பில் சிவப்பு ரிப்பன். சீட்டில் மஞ்சள் தண்ணி தெளித்து, முன்னால் ஒரு கட்டு வேப்பிலை. சூப்பர்வைசர் வந்து பார்த்து, "ஏனம்மா, பலி குடுக்கற குரியா?" என்று கன்னடம் பாதி தமிழ் பாதியாகக் கேட்டார். குரி என்றால் ஆடு. மொத்த ஃப்ளோரும் விழுந்து விழுந்து சிரித்தது. செல்போனில் படம் எடுத்தார்கள். கையில் பூவோடு வந்த நீயும் சிரித்தாய். அந்தப் பூவை சைக்கிளுக்குப் போடவில்லை. கொண்டுபோய் உன் தையல் மெஷின் மேல் வைத்தாய்.

லீவு முடிந்த அன்று நீ பஸ்ஸில் ஏறினாய். "எங்கக்கா ஆடு? வெட்டியாச்சா?" என்றேன். "முட்டி வலிக்குதுடீ" என்றாய்.

முட்டி வலிக்கிறவள் அவ்வளவு உயரப் படியில் ஏறி, பேகூரிலிருந்து நின்றுகொண்டே வருவாளா? எனக்குத் தெரியும் அக்கா. அன்றைக்கே தெரியும். "நான் சும்மா சொன்னேன், நீ ஓட்டிட்டு வாக்கா" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஊரையே கிண்டல் பண்ணுகிற வாய்க்கு அந்த ஒரு பேச்சு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஐந்து மாசம் போனது. ஒரு காலையில் நீ பஸ்ஸுக்கு வரவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதென்று உன் மகள் போன் பண்ணினாள்.

சைக்கிள் ஓட்டியிருந்தால் இருந்திருப்பாயா? அது டாக்டருக்கே தெரியாது, ஐந்தாவது படித்த எனக்கு எப்படித் தெரியும்? நான் நினைப்பது அந்த ஐந்து மாச ஞாயிற்றுக்கிழமைகளை. அவ்வளவும் உன்னுடையவை. நான் பிடுங்கிக்கொண்டேன்.

காரியம் முடிந்தபின், ஆயுத பூஜையிலிருந்து மாடிப்படிக்குக் கீழே பழைய பெட்ஷீட் போர்த்தியே கிடந்த சைக்கிளை உன் மகள் வெளியே எடுத்தாள். "எங்க யாருக்கும் ஓட்ட வராது ஆன்ட்டி. நீங்க எடுத்துக்கோங்க. அம்மா இதப் பத்திப் பேசினாலே உங்க பேரும் வரும்" என்றாள். எப்படி வரும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பையில் பஞ்சர் சாமான் இருந்தது. கூடவே ரெண்டு எலாஸ்டிக். ஒன்று கறுத்துப்போன உன்னுடையது. மற்றது புதுசு, ஒரு தடவைகூட மாட்டாதது. அகலமாக, ரெட்டைத் தையல் போட்டு. என் காலில் வைத்துப் பார்த்தேன். இந்தத் தூண் காலுக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நீதான் டேப் இல்லாமல் கண்ணாலேயே அளவெடுப்பவள் ஆயிற்றே. அதைப் பூஜைக்கு முன்னால் தைத்தாயா, பின்னால் தைத்தாயா என்றுதான் தெரியவில்லை. பின்னால் என்றால், அத்தனைக்கும் அப்புறம் எனக்காகத் தைத்திருக்கிறாய். நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போகிறேன். நீ சொன்ன அந்தச் சத்தம் வருகிறது அக்கா. போன வாரம் நம் லைன் பெண்கள் ரெண்டு பேர் பார்த்துவிட்டு, "ஆடு மேய்க்கப் போறியாக்கா?" என்று கத்தினார்கள். எனக்கா பதில் சொல்லத் தெரியாது? மணியை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனேன்.

எலாஸ்டிக்கை மட்டும் இன்னும் மாட்டிக்கொள்ள முடியவில்லை. கைப்பையில் போட்டு, போகிற இடமெல்லாம் கொண்டுபோகிறேன். அதனால்தான் இந்தக் கறை. தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பேன்ட்டை அப்படியே காயப் போட்டுவிட்டேன்.