ஒளிராத குப்பி

துணி சோப்புத்தூள் பாக்கெட்டை இன்று காலை கத்தரித்ததும் அந்த மல்லிகை வாசனை குப்பென்று வந்தது. உன் ஞாபகம் வர வேறு நல்ல வாசனையே கிடைக்கவில்லையா? சிரித்துவிட்டேன்.

சூளகிரி தொழிற்பேட்டையில், தகரக்கூரை போட்ட ஆய்வகத்தில், நமக்கு ஒரே வேலைதான். சிலிக்கான் தகட்டை அமிலத்தில் அரித்துக் கண்ணுக்கே தெரியாத துகளாக உதிர்ப்போம். புற ஊதா விளக்கைக் காட்டினால் அது ஆரஞ்சாக ஒளிரும். உயிருள்ள செல்லுக்குள் செலுத்தினால், செல்லைக் கொல்லாமலே உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகும். அணையாதபடி மேல்பூச்சு செய்து காட்டாவிட்டால் நம் பிரிவையே மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஒரு காலை வந்து பார்த்தால், முந்தின நாள் பூச்சுப் போட்ட துகளைத் தண்ணீரில் கலந்து வைத்த குப்பி அணையவில்லை. நிறம்தான் நீலம். துகள் இன்னும் சிறுத்திருக்கும், அதனால்தான் நீலம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். துகளைச் செல்லுக்குள் செலுத்திப் பார்க்கவிருந்த பெங்களூர் ஆய்வகத்துக்கு மேனேஜர் போனே போட்டுவிட்டார். நீ கேன்டீனில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தாய்.

திரும்பி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று வெறும் தண்ணீர்க் குப்பியையும் விளக்கடியில் வைத்தாய். அதுவும் நீலம்.

“அய்யய்யோ, இது நம்ம சோப்புத்தூளுடி!”

ஆய்வகச் சோப்பு தீர்ந்துபோனதால், நாம் சேர்ந்து தங்கியிருந்த அறையிலிருந்து தூள் கொண்டுவந்து குப்பிகளைக் கழுவியிருந்தாய். வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்ட அதில் கலக்கும் சரக்குதான் அப்படி ஒளிர்ந்தது.

“சொன்னா மூடிருவாங்கடி,” என்றேன்.

“மூடட்டும். அதுக்காவ செல்லுக்குள்ள சோப்புத்தூளயா அனுப்பறது?”

நேராக மேனேஜரிடம் போனாய். “சார், அது சிலிக்கான் இல்ல. எங்க சோப்பு.” அவர் கன்னடத்தில் திட்டித் தீர்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு மாதம் கொடுத்தார்.

அந்த மாதம் முடியுமுன் நெடுஞ்சாலையில் உன் ஸ்கூட்டியில் லாரி மோதியது. இதை நீட்டி எழுதினால் “போதும்டி” என்பாய்.

பூச்சு கடைசியில் தண்ணீரைத் தாக்குப்பிடித்தது. வெறும் தண்ணீர்க் குப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் எதற்கும் சந்தோஷப்படுவதில்லை, அது உன் பழக்கம். நேற்று பெங்களூரிலிருந்து படங்கள் வந்தன. செல்களுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அடுத்த படத்தைத் திறந்தேன், நம் துகள் போடாத செல்கள். கன்னங்கரேல் என்றிருந்தது, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

“அந்த ஆரஞ்சு நம்மளுதுதான்டி,” என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த இருட்டுப் படத்தைப் பார்த்து அழுதவள் அங்கே நான் ஒருத்திதான்.