நீங்கள் ஓதி நிறுத்திய இடம்

இன்று வெள்ளிக்கிழமை. என் மருமகள் தலைக்குக் குளித்துவிட்டு முடிக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். புகை அடுப்படிக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை, உம்மா. உங்கள் முக்காட்டில் எப்போதும் இருந்த வாசம். நீங்கள் கண்மூடி மவுத்தான செய்தி வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

ஓமனில் உங்கள் வீட்டுக்கு நான் சமையல் வேலைக்கு வந்தவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும், பேகம்பூர் மதரஸாவில் அரபி எழுத்தைப் பார்த்துக் குர்ஆன் ஓதக் கற்றிருந்தேன். ஒருநாள் நான் ஓதுவதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு அழுதீர்கள். தப்பாக ஓதிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"ஓதுனியே, அர்த்தம் தெரியுமா?" என்றீர்கள். அடுப்படியில் கேட்டுப் பழகிய உங்கள் பேச்சு அரபி எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் நிற்கிறது.

"தெரியாதும்மா."

"எனக்கு அர்த்தம் தெரியுது. எழுத்துத்தான் தெரியல."

நீங்கள் சிறுமியாக இருந்தபோது உங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லையாம். மவுத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது சொந்தக் கண்ணால் பார்த்து முழுசாக ஓதிவிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை.

பெரிய பெண்களுக்கு மாலை வகுப்பு என்று அரசாங்கம் அறிவித்ததும் கிளம்பிவிட்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தைரியம் என்று என்னையும் இழுத்தீர்கள். உங்கள் மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வயசுல படிச்சு மந்திரியாகவா போறீங்க? இவளும் வந்துட்டா ரொட்டிய யாரு சுடுறது?"

"நீ சுடு. அம்புட்டுப் பெரிய காலேசுல படிச்சியே, மாவு பிசையச் சொல்லித் தரலையா?"

வகுப்புக்குப் போனால், டீச்சர் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண். "இவளுக்கு மூக்குச் சிந்திவிட்டவ நான். இவகிட்டயா கையத் தூக்கிக் கேக்கணும்?" என்று என் காதில் முணுமுணுத்தீர்கள். ஆனால் அவள் உள்ளே வந்ததும் முதலில் எழுந்து நின்றது நீங்கள்தான். அந்தப் பெண் பதறிப்போய், "உக்காருங்க, உக்காருங்க" என்றாள். நீங்கள் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் நான் வரிக்கு அடியில் விரல் வைக்க, நீங்கள் எழுத்துக் கூட்டுவீர்கள். கூட்டி முடித்ததும் அர்த்தத்தை எனக்குச் சொல்வீர்கள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் ஓதின மாதிரி. பாதி கூடத் தாண்டவில்லை, என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் நான் திண்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

மவுத்துச் செய்தியோடு உங்கள் மகன் போனில் சொன்னார்: "முக்கால்வாசி ஓதிட்டாங்க. அவ விரல் இல்லாம வரி ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே ஓதுவாங்க." எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பார்த்துச் சொன்னார்.

அந்த இடத்திலிருந்து உங்களுக்காக நான் ஓதி வருகிறேன். விரலை வைத்தபடிதான். நேற்று தண்ணீர் என்ற சொல் வந்தது. வீட்டுப் பேச்சில் கேட்ட மாதிரி இல்லாமல் வேதத்தில் அது வேறு மாதிரி ஒலிக்கும்; முன்பெல்லாம் எனக்கு வெறும் சத்தம். ஒருநாள் நீங்கள் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, என் முகத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். அப்படி எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான், உம்மா. அவை வரும் இடத்தில் மட்டும் நான் ஓதுவது எனக்குப் புரிகிறது.