மூடாத டிஸ்க்

ஜூன் 4, புதன்
மகள் இருக்கிற பழைய வீடியோ கேசட்டை ஏற்றிவைக்க டிஸ்க் வாங்கிவந்தேன். கடைக்காரர் அழித்து எழுதுகிற வகையை நீட்டினார். "தப்பாயிட்டா அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம்மா."
"அதுல இருக்கப்போறது செத்துப்போன என் மக. அழியாததாக் குடுங்க" என்றேன். ஐந்தாம் வகுப்புதான் என் படிப்பு. கேட்க வேண்டியது எனக்குத் தெரியும். ஒருமுறை மட்டும் எழுதுகிற வகையைக் கொடுத்தார்.
பேத்தி விடுதியிலிருந்து 22ஆம் தேதி வருகிறாள். வகுப்பில் அவள்தான் முதல். தாய் போனபோது ஒரு வயது. தாய் குரலைக் கேட்ட ஞாபகமே இல்லை அவளுக்கு.

ஜூன் 5
பூஞ்சை பிடித்த கேசட். டிஸ்கில் ஏற்றுகிற மிஷினில் ஓடி முடிந்ததும் அறுந்தது. நல்லவேளை, டிஸ்கில் ஏறிவிட்டது. முப்பத்தெட்டு நிமிஷம். மகள் மடியில் பாப்பாவை வைத்துச் சட்டை மாட்டுகிறாள். "எடுத்தது போதும்மா" என்று சிரிக்கிறாள். அதோடு சரி.

ஜூன் 9
நாற்பது நிமிஷம் காட்டுகிறது. என் கண்தான் சரியில்லை.

ஜூன் 10
கண்ணில் கோளாறில்லை. "போதும்மா" என்றபிறகு மகள் எழுகிறாள். மடியில் பாப்பா இல்லை. தேடுகிறாள். சத்தமே இல்லை. இதை நான் எடுக்கவில்லையே!

ஜூன் 14, சனி
"டிஸ்க் தானா நீளுமா?" என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டேன்.
"நீங்க இன்னும் மூடலையா? மிஷின்ல 'மூடு'ன்னு இருக்கும், அழுத்துங்க. அப்பதான் மத்த மிஷின்ல ஓடும். மூடிட்டா அப்புறம் ஒண்ணும் ஏறாது."
மூடவில்லை. மகள் முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஜூன் 18
பார்க்கப் பார்க்க நீள்கிறது. இன்று நடைவழியில் வருகிறாள். இந்த வீட்டு நடைவழி! அவள் செத்து ஆறு வருஷம் கழித்துத்தானே இங்கே குடிவந்தோம்?

ஜூன் 21, சனி
பேத்தியின் அறைக்கதவுக்கு வந்துவிட்டாள். ஒரு கை தாழ்ப்பாளில். மறு கையை நீட்டிக் கூப்பிடுகிறாள். உதடு அசைவது புரிகிறது — பாப்பா, வா.
இன்னொரு தடவை ஓடவிட்டால் உள்ளே போய்விடுவாள். நாளைக்கு அந்தக் கட்டிலில் பிள்ளை படுக்கணும்.
கண்ணு, நீ என் வயித்துல பொறந்தவ. உன்னை எப்படிடீ வெளியே நிறுத்துவேன்? ஆனா உன் பாப்பாவை வளர்த்தது நான். தரமாட்டேன்.
மூடவா, வேண்டாமா என்று மிஷின் கேட்டது. அழுத்திவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு
பேத்தி மூன்று தடவை பார்த்தாள். தாய் குரல் கேட்டு அழுதாள், சிரித்தாள். நாற்பத்தைந்து நிமிஷம், மூன்று தடவையும் அதேதான்.
"பாட்டி, இது என் ரூம் கதவு மாதிரியே இல்ல?"
"கதவெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."
"கடைசியில அம்மா யாரைக் கூப்பிடுறாங்க?"
"என்னைத்தான்" என்றேன்.