வேப்பமரத்தடியில் பைக்

அன்பு ரூபிக்கு,

தொட்டில் கட்டிய கொக்கியை இன்னும் கழற்றவில்லை. நீ ஜோலார்பேட்டை அம்மா வீட்டிலிருந்து வந்த பிறகு பார்க்கலாம்.

உன்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்தவன் நான். ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் உன்னைச் சர்ச்சில் இறக்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்து போன் பார்த்தவன். நேற்று ஷூ கம்பெனியில் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சர்ச்சுக்குள் போனேன்.

பாஸ்டர் என்னைப் பார்த்து, "இன்னாப்பா, ரூபி வர்லயா?" என்றார்.

"நான் வந்துருக்கேன் ஐயா" என்றேன்.

ஜெபிக்கத் தெரியவில்லை. நம் பிள்ளையைக் கிடத்திய அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்று அன்றைக்கு நீ கர்த்தரிடம் 'ஏன்' என்று கேட்டதையே நானும் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனாலும் கடைசிவரை எழுந்து வரவில்லை.

வருகிற ஞாயிறு காலை உன்னை அழைக்க வருகிறேன். சர்ச் வாசலை மிதிக்க மாட்டேன் என்றாய், மிதிக்க வேண்டாம். மரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்திரு. நான் உள்ளே போய்விட்டு வருகிறேன்.

உன்
வீட்டுக்காரன்