நூற்றியொன்றில் நின்ற கோடு

காலையிலிருந்து உடம்பு வலிக்கிறது. நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. "உன் கையும் நெத்தியும் ஒரே சூட்டுல இருக்கு, எப்படித் தெரியும்? அதுக்கு இன்னொரு ஆள் வேணும்டி" என்பாய். அறையில் இன்னொரு ஆள் இல்லை. அலமாரியிலிருந்து உன் கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்தேன். பாதரசம் நூற்றியொன்றில் நிற்கிறது. உதறினால்தான் இறங்கும். அந்த டிசம்பருக்குப் பிறகு அதை யாரும் உதறவில்லை.

சரவணம்பட்டியில் இந்த அறைக்கு நாம் வந்தபோது நீ இயற்பியல் முதுகலை படித்தாய். நான் கணினி வேலையில் சேர்ந்திருந்தேன். வால்பாறைக்காரி உனக்குக் கோவையே கொதிக்கும். பொள்ளாச்சிக்காரி நான் ஃபேனைக் குறைக்கச் சொல்வேன். ஒரு சண்டையின் நடுவே என் காபியைக் காட்டினாய். "இந்த டம்ளருக்கும் எங்க வீட்டு வெந்நீர் அண்டாவுக்கும் பாதரசம் ஒரே கோட்டைக் காட்டலாம். ஆனா மார்கழியில எங்க வீடே குளிக்கிறது அண்டாவுலதான். எவ்வளவு சூடுங்கறது வேற, எவ்வளவு வெப்பம் இருக்குங்கறது வேற." அந்தப் பேச்சில் காபி ஆறிப்போனது.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபின் நம் நாட்கள் இந்தக் கண்ணாடிக் குழாயைச் சுற்றியே ஓடின. சிகிச்சையில் உன் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை பையைக் கட்டி வைத்திருந்தாய். வால்பாறையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் உன் அம்மா நட்சத்திரம் கட்டிக் காத்திருந்தார். தெர்மாமீட்டரை என்னிடம் நீட்டினாய். தொண்ணூற்றியேழு. வாங்கும்போது உன் மணிக்கட்டு என் கையில் பட்டது; கொதித்தது. அப்புறம்தான் உன் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஐஸ்கட்டி டம்ளரைப் பார்த்தேன்.

"கால் மணி நேரம் வாயில எதையும் போடாம உட்காரு. மறுபடி பார்க்கலாம்."

"ஏனுங்க அம்மணி, பஸ்ஸு போயிருமுங்க" என்று என் ஊர்ப் பேச்சிலேயே கெஞ்சினாய்.

"போனாப் போகுதுங்க. வால்பாறை அங்கயேதான் இருக்குமுங்க."

சிரித்தாய். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

பிறகு நீயே உதறி, நாக்குக்கடியில் வைத்தாய். நான் அவசரப்பட்டு எடுக்க வந்தபோது என் கையைத் தட்டிவிட்டாய். தெர்மாமீட்டருக்குத் தன் சூட்டை மட்டும்தான் சொல்லத் தெரியும், நம் சூடு அதற்குப் போய்ச் சேரும்வரை பொறுக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ஐஸ் வைத்து ஏமாற்றியவள், இப்போது சரியாக அளப்பதில் அத்தனை பிடிவாதம்.

நூற்றியொன்று.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தாய். அந்த முறை பிழைத்தாய். அதன்பின் ஆஸ்பத்திரியில் தந்த டிஜிட்டல் மீட்டரில்தான் பார்த்தோம்; இந்தக் கண்ணாடி அலமாரியிலேயே கிடந்தது. ஈஸ்டருக்கு அம்மாவிடம் போய் வந்தாய். அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை.

அன்றைய வெப்பம் அன்றே போய்விட்டது. கொஞ்சம் ஆட்டோக் காற்றுக்கு, கொஞ்சம் என் தோளுக்கு. கோடு மட்டும் இத்தனை நாள் நின்றது. என் காய்ச்சலை அறிய வேண்டுமானால் உன்னுடையதை இறக்க வேண்டும். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய். உதறிவிட்டேன்.

இப்போது அது என் நாக்குக்கடியில் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டே காத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. நீயே தட்டிவிட்டதுபோல், மறு கையால் அந்தக் கையைத் தட்டிவிடுகிறேன்.