பிராகிருதத்தில் ‘நாங்கள்’

லூமுட்,
21.10.2024

என் வாத்தியாருக்கு நவமணி எழுதுவது.

நானும் நம் மகள் ஐவியும் இங்கே சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மலையில் பாறைக்கு வெடி வைப்பது உங்கள் காதுக்குக் கேட்காது, சரி. சுவரில் ஓடும் விரிசல் கண்ணுக்குமா தெரியவில்லை? பக்கத்து வீட்டுச் சன்னாசி அண்ணன்கூட மூட்டை கட்டிவிட்டாராமே! “மாமா வரட்டும்லா, ரூம் சும்மாத்தான இருக்கு” என்கிறார் மருமகன் தர்மா. உங்கள் பிராகிருத இலக்கணப் புத்தகத்தை இங்கே கடற்காற்றில் உட்கார்ந்து எழுதக்கூடாதா?

உங்கள்
நவமணி

ஈப்போ,
28.10.2024

அன்பு நவமணி,

அரட்டாதே. வெடி வைத்தால் குவளையில் டீ ஆடும். அது நின்றதும் குடிப்பேன், அவ்வளவுதான்.

‘நான்’ முடிந்தது. வடமொழி ‘அஹம்’ பிராகிருதத்தில் ‘அஹம்’, ‘ஹம்’ என்றெல்லாம் வரும். அதன் கிளையான மாகதியில் மட்டும் ‘ஹகே’. பழைய நாடகங்களில் மீன் பிடிக்கிறவன் ‘ஹகே’ என்பான், அரசன் ‘அஹம்’ என்பான். நம் தோட்டத்தில் துரை பேச்சும் நம் பேச்சும் போலத்தான். ‘நீ’க்குத் ‘துமம்’, ‘நீங்கள்’ என்பதற்குத் ‘தும்ஹே’. அதுவும் ஆயிற்று.

மிச்சம் ‘நாங்கள்’. பழைய ‘வயம்’ அநேகமாக மறைந்தே போய், ‘எங்களை’, ‘எங்களுக்கு’ என்பவற்றின் அடியிலிருந்து எழுந்த ‘அம்ஹே’ அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை எழுதிவிட்டால் கிளம்பிவிடுவேன்.

சூசைநாதன்

ஈப்போ,
10.11.2024, ஞாயிறு

அன்பு நவமணி,

நேற்று வேனோடு வந்த மருமகனைத் திருப்பி அனுப்பியதற்குக் கோபிக்காதே. ‘அம்ஹே’ அத்தியாயம் இன்று முடிந்தது. தாள்களை நாளை லூமுட் பஸ் ஓட்டும் ராமையாவிடம் கொடுத்தனுப்புகிறேன், நனையாமல் வை. புத்தகங்களைக் கட்டிவிட்டுப் புதன்கிழமை நான் வருகிறேன். உன் நண்டுக் குழம்புக்கு நாக்கு ஏங்குகிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். இன்று குவாரிக்கு லீவு, ஆளே இல்லை. ஆனாலும் காலையிலிருந்து டீ ஆடிக்கொண்டே இருக்கிறது. மேஜைக் கால் சரியில்லை போலும்.

சூசைநாதன்

லூமுட்,
13.11.2024, புதன்

என்னங்க,

திங்கட்கிழமை மாலை ராமையா உங்கள் பார்சலைக் கொடுத்தார். அதிலிருந்த கடிதத்தில் வெடி இல்லாமலே டீ ஆடுகிறது என்ற இடம் வந்ததுமே தர்மாவை வேன் எடுக்கச் சொன்னேன். ஈப்போ போய்ச் சேர்ந்தால் நம் சாலையை அடைத்து வைத்திருக்கிறார்கள். மத்தியானமே மலை நம் வீட்டின் மேல் சரிந்துவிட்டதாம். இன்னும் பாறையை அள்ளுகிறார்கள். என்னைக் கிட்டே விடவில்லை.

தாள்கள் நனையவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. தாளை பஸ் ஏற்றத் தெரிந்த மனிதருக்கு அதே பஸ்ஸில் கூடவே ஏறத் தெரியவில்லையே!

புதன்கிழமை வருகிறேன் என்றீர்கள். குழம்பு வைத்திருக்கிறேன். ஐவி அழுகிறாள். உறையில் அந்த வீட்டு முகவரியைத்தான் எழுதியிருக்கிறேன், எனக்கு வேறு முகவரி தெரியாது.

நவமணி