சூடேறிய சுவிட்சும் பேசாத சித்தப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சௌக்கியம், என் வலது முழங்கால் தவிர. அது தனிக்குடித்தனம் போன மாதிரி தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடி இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. இன்று சோபாக் கடைக்கு லோடு ஏற்றப் போயிருக்கிறார், அதனால் நிம்மதியாக எழுதுகிறேன்.

விஷயம் நம் பிக்கப் வண்டியைப் பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முழுசாக இருக்கிறோம், பதறாதே. அப்பா பிறந்தநாளுக்கு நீ ஒரு ஜோடி ஹெட்லைட் பல்பு அனுப்பினாய் அல்லவா, அதை அவர் பார்சல் வந்த அன்றே மாட்டிவிட்டார். அன்று சாயங்காலம் வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, விளக்கைப் போட்டு, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் கண்ணைப் பொத்திக்கொண்டு, “நல்லாருக்குங்க, ரொம்ப நல்லாருக்குங்க, அணைச்சிருங்க” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா வந்தார். முப்பது வருஷம் வயரிங் வேலையில் ஊறியவர் இல்லையா, பல்பு வந்த அட்டைப்பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது ரொம்ப கரண்ட் இழுக்கும், வண்டிக்கு வயசாச்சு, சுவிட்ச் தாங்காது, கழட்டிடு” என்றார். அவ்வளவுதான், “என் பொண்ணு ஆசையா அனுப்புனதைக் கழட்டச் சொல்ல நீ யாரு, வீட்டுக்கு ஒயர் இழுக்கறவனுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்” என்று இவர் குதிக்க, அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். நாலு மாதம் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. உன்னிடம் இதை மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு வாய்ப்பூட்டு வேறு. நீ மனசு சங்கடப்படாதே, நீ நல்லதை நினைத்துத்தான் அனுப்பினாய்.

அதற்குப் பிறகு வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைத்துணி. அடுத்து என் தையல் மேசையில் இருந்த சின்ன பாட்டரி விசிறி. கேட்டால் உன் அப்பா கூரையைப் பார்க்கிறார். ஒரு நாள் நான் தைத்த திரைச்சீலைகளை வண்டியில் ஏற்றப் போனேன். பார்த்தால், டாஷ்போர்டில் ஹெட்லைட்டுக்கு இழுக்கும் குமிழில் என் கைத்துணி தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கிறது, விசிறி அதைப் பார்த்துக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. மூக்கை நீட்டினால் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். என்னங்க இது என்றேன். “கொஞ்சம் சூடாகுது, அப்பப்ப ஓய்வு குடுத்தா சரியாயிடும்” என்றார். சுவிட்சுக்கு ஓய்வாம்! என்னைப் பார்த்து ஒரு நாளும் அந்த வார்த்தை வாயில் வந்ததில்லை.

போன புதன்கிழமை மத்தியானம் திரைச்சீலைகளை ஒரு ஆஸ்பத்திரியில் கொடுக்கக் கிளம்பினோம். வழியில் குன்றைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதை இருக்கிறது, அங்கே ஏதோ பராமரிப்பு வேலை என்று பாதையின் விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். பாதி தூரம் போயிருப்போம், டக்கென்று நம் ஹெட்லைட் இரண்டும் போய்விட்டன. கண்ணைக் கட்டின மாதிரி ஒரே இருட்டு. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, நிறுத்தினால் மேலே ஏறிவிடுவான். உன் அப்பா குமிழை இழுக்கிறார், தள்ளுகிறார், சூடு பொறுக்காமல் கையை உதறுகிறார். நான் செல்போன் டார்ச்சைப் போட்டு ஜன்னல் வழியே கையை நீட்டினேன். நீட்டியது நல்லதாகப் போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓரமாக நடந்துபோகிறார், வண்டிக்கும் அவருக்கும் ஒரு முழம் இருக்கும். அப்பா ஸ்டீயரிங்கை ஒடித்தார், அந்த மனிதரின் சட்டை நம் பக்கக் கண்ணாடியில் உரசியது. வெளியே வந்ததும் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தி, நீட்டிய கையை மடக்கவும் மறந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “ஏம்மா, நீங்கதான் ஹெட்லைட்டா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு வரவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். “அந்த ஆளு முகத்தைப் பாத்தியா” என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் ஆறி, ஒன்றுமே நடக்காத மாதிரி விளக்கு தானாக எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் நான் உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையில் கருவிப் பையோடு வந்து நின்றார். ஆனால் பேச்சு மட்டும் கிடையாது. இவர் வண்டிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் நான். “அண்ணி, பாட்டரி ஒயரை முதல்ல கழட்டச் சொல்லுங்க” என்பார் அவர். “கழட்டியாச்சுன்னு உன் கொழுந்தன்கிட்ட சொல்லு” என்பார் இவர். இரண்டு பேருக்கும் நடுவே ஆறு அடி இடைவெளி இருந்தால் அதிகம். சித்தப்பா சுவிட்சைப் பிடுங்கிக் காட்டினார் பார், பின்னால் ஒயர் செருகுகிற பிளக் மெழுகு மாதிரி உருகி ஒழுகியிருந்தது. விளக்குக்குப் போகிற கரண்ட் முழுக்க அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறதாம், அதனால்தான் சூடாம். இனி ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்து, பாட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகக் கொடுத்துவிட்டால், சுவிட்ச் உத்தரவு மட்டும் போடும், பாரத்தை ரிலே சுமக்கும் என்றார். உத்தரவு ஒருத்தர் போட, பாரம் இன்னொருத்தர் சுமப்பது இந்த வீட்டில் ஏற்கெனவே நடப்பதுதானே என்றேன். இரண்டு பேரும் காதில் விழாத மாதிரி இருந்தார்கள், அதில் மட்டும் ஒற்றுமை.

கடைசியில் பாட்டரி ஒயரைத் திரும்ப மாட்டும்போது உன் அப்பா ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்தார், அதன் வால் வண்டியின் இரும்பில் படப் போனது. “அண்ணா, கையை எடு! தீப்பொறி பறக்கும், அறிவிருக்கா உனக்கு!” என்று சித்தப்பா போட்ட சத்தத்தில் பல் டாக்டர் வெளியே வந்து பார்த்தார். உன் அப்பா கையை எடுத்தார். கோபப்படவில்லை. சமையலறைக்கு வந்து, “திட்டிட்டான்” என்று என்னிடம் சொன்னார், பரிசு வாங்கிவந்த முகத்தோடு. திரும்பிப் போய் ஸ்பேனரை மறுபடி அதே மாதிரி சாய்த்துப் பிடித்து இன்னொரு திட்டு வாங்கிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தார், நான் சத்தியம் செய்வேன்.

பல்பைக் கழற்றிவிடலாமா என்று அப்பாவே இறங்கிவந்து கேட்டதற்குச் சித்தப்பா, “எதுக்கு? அதைத் தாங்கத்தானே இவ்வளவும் பண்ணேன், புள்ள அனுப்புனது இருக்கட்டும்” என்றார். வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்தியும் வைத்துவிட்டார். விளக்கைப் போட்டு அரை மணி நேரம் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து, மாற்றி மாற்றிக் குமிழைத் தொட்டுப் பார்த்தார்கள். ஜில்லென்று இருந்தது.

அப்பா அதோடு விடவில்லை. இரண்டு மத்தியானம் சுரங்கப்பாதை வாசலில் நின்று அந்தச் சைக்கிள்காரரைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டார். “உங்களை யாருங்க பாத்தா, லைட்டு பிடிச்சிருந்த அந்தம்மாவைத்தான் பாத்தேன், சௌக்கியமா இருக்காங்களா” என்று கேட்டாராம் அவர்.

நீ சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு, மறக்காதே, சும்மா விசாரிக்கிற மாதிரி பேசு. உன் ரூமில் ஒரே பிளக்கில் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகாதே. தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் ஓய்வு கொடுக்காதே, ஆளைக் கூப்பிடு. உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசுக்குக் குறை இல்லாமல், நீண்ட ஆயுசோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதோ அப்பா வந்துவிட்டார். யாருக்குக் கடிதம் என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதாக ஒரு வரி எழுதச் சொல்கிறார். சொன்னபடியே எழுதுகிறேன்: பல்பு பிரமாதம், மாட்டின நாளிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை.

இப்படிக்கு,
உன் ஆசை அம்மா